தகரத்துக்கு இந்தப் பக்கம்

முதல் நாளே என் கையிலிருந்த கோவா முட்டைக்கோசைப் பறித்தவர் அந்த மாமி. பெயரை எழுத மாட்டேன். ஆள் இன்னும் ஊரில்தான் இருக்கிறார், தோட்டமும் செய்கிறார். பெயரை எழுதினால் நாளைக்கே யாராவது போய் அவருடைய படலையடியில் நின்று விடுப்பு, ஊர்ப்புதினம் எல்லாம் கேட்பார்கள். அச்சுவேலிக்குக் கிட்ட, செம்மண் தோட்டங்களுக்கு நடுவில், அவருக்குப் பக்கத்து வீட்டில் நாங்கள் சில வருடங்கள் வாடகைக்கு இருந்தோம். அவ்வளவு தெரிந்தால் போதும்.

அன்றைக்குத்தான் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தோம். என் மனிசன் வரும் வழியில் சந்தையில் ஒரு கோவா வாங்கி வந்திருந்தார். நல்ல பெரிய கோவா, ஒரு பொட்டு இல்லை. அதைக் கழுவுவதற்கு நான் வெளியே எடுத்துப் போக, வேலிக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அடுத்த நிமிடம் அந்தத் தலைக்குரிய மனிசி படலையைத் திறந்துகொண்டு நேரே வந்து, "இஞ்சை கொண்டா பாப்பம்" என்று கோவாவை வாங்கி, அடித்தண்டைத் திருப்பிப் பார்த்தார்.

"உது என்ரை கோவா. என்ரை கத்தி வெட்டு. உதைச் சாப்பிடாதை பிள்ளை."

"ஏன் மாமி, பழுதோ?"

"பழுதோ! அச்சுவேலிச் சந்தை முழுக்கத் தேடினாலும் உப்பிடி ஒரு கோவா எடுக்கமாட்டாய். உது சந்தைக்கு வைச்சது. நீங்கள் இனிப் பக்கத்து வீடெல்லோ."

கோவாவைக் கையோடு கொண்டுபோய்விட்டார். கொஞ்ச நேரத்தில் ஒரு சுளகில் கத்தரிக்காய் கொண்டுவந்தார். எல்லாம் கோணல், எல்லாவற்றிலும் ஓட்டை. "பூச்சி கிடந்தா அந்த இடத்தை வெட்டி எறி. பூச்சி திண்டு சாகேல்லை எண்டா நீயும் சாகமாட்டாய்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான் குருநகர்க்காரி. அப்பாவுக்குக் கடல்தொழில். எங்கள் வீட்டில் முறை நேர்மாறு. விளைமீன், பாரை, பெரிய இறால் எல்லாம் கரைக்கு வந்ததும் சந்தைக்குப் போய்விடும். நசிந்ததும் பொடியும்தான் எங்கள் சட்டிக்கு வரும். நல்ல மீனின் ருசி எங்களைவிடப் பட்டணத்து ஆட்களுக்குத்தான் கூடத் தெரியும். அதனால் விளைவிக்கிறவர் தனக்கு நல்லதை எடுத்துவைத்துக்கொண்டு மற்றதைச் சந்தைக்கு அனுப்புவார் என்ற விஷயத்தை விளங்கிக்கொள்ள எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

மாமியின் வளவில் ஒரு தகர வேலி குறுக்கே ஓடியது. எல்லை வேலி இல்லை. தன்னுடைய காணிக்குள்ளேயே அவர் அடித்த வேலி. பழைய கூரைத் தகரங்களை வரிசையாக நிறுத்தி, கம்பியால் இழுத்துக் கட்டியிருந்தார். அந்தப் பக்கம் தோட்டம்: வெங்காயம், கோவா, பீற்றூட், மிளகாய். இந்தப் பக்கம் வீடு, கிணறு, கிணற்றடியில் வீட்டுப் பாத்தி. வீட்டுப் பாத்தியில் கொஞ்சம் கத்தரி, கொஞ்சம் பயிற்றை, கீரை, நாலைந்து தக்காளி. அதற்கு மாட்டெருவும் சாம்பலும் மட்டும். தகரத்துக்கு அந்தப் பக்கம் பசளை என்கிற கடை உரமும் மருந்தும். எங்கள் ஊர்களில் மருந்து என்றால் பூச்சிக்கு அடிக்கிறதும்தான், நோயாளி குடிக்கிறதும்தான். ஒரே சொல்.

அந்தப் பக்கத்துக்கு ஒரு கத்தி, இந்தப் பக்கத்துக்கு ஒரு கத்தி. கடகமும், அந்த ஓலைக் கூடையும், அப்படியே. தோட்டத்துச் செருப்போடு வீட்டுப் பாத்திக்குள் கால் வைக்க மாட்டார். ஒருமுறை என் மனிசன் மறந்துபோய்த் வீட்டுப் பாத்தியில் மாமி எங்களுக்குத் தந்த கீரையைத் தோட்டத்துக் கடகத்தில் போட்டுவிட்டார். மாமி அது முழுவதையும் வாங்கி அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, "தீட்டுப்பட்டாலும் குளிச்சா போகும் தம்பி, உது போகாது" என்றார். 

மருந்தடிக்கும் நாளில் மாமி செத்துப்போன மாமாவின் நீட்டுக்கைச் சேட்டைப் போட்டு, வாயைத் துவாயால் கட்டி, மருந்தடிக்கிற மெஷினை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்து வேலியடியில் நிற்பார். என்னைத்தான் கேட்பார்.

"கடற்கரைக்காரி, காத்து எந்தப் பக்கம்?"

"தெக்காலை வாற சோளகக் காத்து மாமி. இப்ப எங்கடை பக்கத்தாலை அங்காலை போகுது. பின்னேரம் திரும்பினாலும் திரும்பும்."

"அப்ப இப்பவே அடிக்கிறன்."

காற்று வீட்டுப் பக்கம் அடித்தால் ஒருநாளும் மெஷினைத் தொட மாட்டார். ஆனால் தோட்டத்துக்கு அங்கால் ஒரு ஒழுங்கை, ஒடுங்கின தெரு. ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் அதால்தான் சைக்கிளில் போவார்கள். மாமி அடிப்பதை நிறுத்தாமலே, "மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுங்கோடா!" என்று கத்துவார். பிள்ளைகளும் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, விளையாட்டு மாதிரிச் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். 

அடித்து முடிந்ததும் மெஷினைக் கிணற்றடியில் கழுவுவார். வேறு எங்கே கழுவுவது? தண்ணீர் அங்கேதானே இருந்தது. கழுவின தண்ணீர் வாய்க்காலால் ஓடித் தகரத்துக்குக் கீழால் தோட்டத்துக்குள் போய்விடும். அது போய்ச் சேருமட்டும் நின்று பார்த்துவிட்டுத்தான் முகம் கழுவுவார்.

அந்தக் கிணற்றைப் பற்றி அவருக்குச் சரியான பெருமை. "எட்டிப் பார் பிள்ளை, அடி தெரியுது. ஒரு தவளை இல்லை, ஒரு புழு இல்லை. எவ்வளவு துப்பரவு!" என்பார். உண்மைதான். நுளம்புக் கொசு பெருகாமல் இருக்கக் கிணற்றில் மீன் விடச் சொல்லிச் சுகாதாரப் பகுதியார் அறிவித்துக்கொண்டு போனார்கள் என்று என் மனிசன் எங்கேயோ குளத்து மீன் கொஞ்சம் பிடித்து வந்து எங்கள் கிணற்றிலும் மாமியின் கிணற்றிலும் விட்டார். எங்கள் கிணற்றில் அவை நீந்தித் திரிந்தன. மாமியின் கிணற்றில் இரண்டாம் நாளே வயிற்றைக் காட்டி மிதந்தன. மாமி வாளியால் அள்ளி எறிந்துவிட்டு, "கடற்கரை மருமோனெல்லோ, கடல் மீனைக் கொண்டந்து விட்டிட்டான்" என்று பகிடி விட்டார். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் மீன் வாழாத தண்ணீரை எங்கள் ஆட்கள் நல்ல தண்ணீர் என்று சொல்ல மாட்டார்கள். அது மனதில் ஒரு முள்ளாகக் கிடந்தது.

அப்புறம் காலம் குழம்பத் தொடங்கியது. மாரி மழை நாள் தள்ளி வந்தது. வந்தது ஒரேயடியாகக் கொட்டிவிட்டுப் போனது. வெங்காயம் கிண்டிக் காயப்போட்டிருந்த நேரம், வெயில் எரிக்கவேண்டிய மாதத்தில், மூன்று நாள் விடாத மழை. மாமி அழுகிய வெங்காயத்துக்கு நடுவில் குந்தியிருந்து, "கோதாரி விழுந்த மழை! கண்டறியாத காலத்திலை கண்டறியாத மழை! வானத்துக்கு ஆரடா மருந்தடிச்சது?" என்று கத்தினார். மழை விட்டதும் முன்பு காணாத புழுக்கள் வந்தன. புழுவுக்குப் புது மருந்து வந்தது. பசளை மழையோடு போய்விட்டதென்று திரும்பவும் பசளை போட்டார். போனது எங்கே போனது என்று நானும் கேட்கவில்லை, அவரும் யோசிக்கவில்லை.

அதற்குப் பின் வந்த கோடையில் எங்கள் கிணறு உவராகிவிட்டது. யாழ்ப்பாணத்து நிலத்தடி அப்படித்தான்; வேலிக்கு இந்தப் பக்கம் உப்பு, அந்தப் பக்கம் இளநீர். தேத்தண்ணி வாயில் வைக்க முடியவில்லை. விஷயம் அறிந்த மாமி, நான் கேட்காமலே, எங்கள் இரண்டு வளவுக்கும் இடையிலிருந்த கிடுகு வேலியைப் பிரித்து, ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு விட்டார்.

"குடத்தைக் கொண்டு இதாலை வா. என்ரை கிணறு இருக்குமட்டும் நீ உப்புத்தண்ணி குடிக்கத் தேவையில்லை."

"நாங்கள் வாடகைக்கு இருக்கிற ஆக்கள் மாமி, ஊரிலை ஒண்டும் சொல்லாயினமோ?"

"ஊர் கிடக்கட்டும். நீ தகரத்துக்கு இஞ்சாலைப் பக்கம்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்? அந்த ஊரில் சொந்தம் என்று சொல்ல எனக்கு யாரும் இல்லை. மாமியின் ஒரே மகன் கனடாவில். "தோட்டத்தை விடுங்கோ அம்மா, நான் காசு அனுப்புறன்" என்று அவன் சொல்ல, "உன்ரை காசிலை நான் சும்மா இருந்து தின்ன எனக்கென்ன பாரிசவாதமோ" என்று போனை வைக்கிற மனிசி. அவர் என்னைத் தன் பக்கத்தில் சேர்த்துக்கொண்டார் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

ஒரேயொரு தரம்தான் அவரோடு சண்டை பிடித்தேன். அப்போது எனக்கு வயிற்றில் ஆறு மாதம். மாமி நாளைக்குப் பிடுங்கப்போகிற கோவாவுக்கு இன்றைக்கு மருந்தடித்தார். என் வாய் சும்மா இருக்காதே.

"மாமி, சந்தைக்கு வாறவைக்கும் பிள்ளை குட்டி இருக்கெல்லோ?"

மெஷினை இறக்கி வைத்துவிட்டு வந்தார். "ஓட்டை விழுந்த கோவாவைச் சந்தையிலை வைச்சா நீ வாங்குவியோ? உன்ரை மனிசன் அண்டைக்கு வாங்கினது எது? பளபள எண்டு இருந்ததைத்தானே தூக்கிக்கொண்டு வந்தவர்? உங்களுக்கு வடிவு வேணும். நான் வடிவு குடுக்கிறன்."

"அதுக்காக நஞ்சு குடுக்கிறதோ?"

"எல்லாரும் அடிக்கினம் பிள்ளை. நான் ஒருத்தி விட்டா உலகம் திருந்திடுமோ? நீங்கள் நாள் முழுக்க மோட்டரைப் போட்டு இறைச்சு இறைச்சு உங்கடை கிணத்தை உப்பாக்கினனீங்கள். அதுக்கு ஆர் பொறுப்பு? சொல்லன்!"

 அந்த மோட்டரை நாங்கள் மட்டுமோ போட்டோம், ஊரே போட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதைத்தானே அவரும் இப்போது சொன்னார்! குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பின்னேரம் பொட்டுக்குள்ளால் ஒரு கிண்ணம் வந்தது. வீட்டுப் பாத்திக் கத்தரிக்காய்க் குழம்பு. நல்ல ருசி. கோபத்தோடே சாப்பிட்டேன்.

மகள் பிறந்தாள். எனக்குப் பால் போதவில்லை. பால்மா கரைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். மாமி தலைகீழாக நின்று உதவினார். விடிந்ததும் தன் கிணற்றில் அள்ளி, தன் அடுப்பில் வைத்து, தானே கொதிக்கவைத்துச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி, பொட்டுக்குள்ளால் கொண்டுவருவார்.

"ஒரு கொதியிலை இறக்கக் கூடாது. பாதி வத்தவேணும். கிருமி ஒண்டு மிஞ்சக் கூடாது" என்பார். "உனக்கு அவசரம். நீ வத்த விடமாட்டாய். நானே வைக்கிறன்."

பிள்ளைக்கு மூன்று மாதம் இருக்கும். ஒருநாள் மத்தியானம், நெருப்பாக எரிகிற வெயில். மாமி அவளை மடியில் போட்டுக் கொஞ்சிக்கொண்டிருந்தார். "ஆரடி இவளுக்கு நாவற்பழம் தீத்தினது? வாயைப் பார், நாவல் நிறம்!" என்று சிரித்தார். பிறகு அவளுடைய விரலைப் பிடித்து நகத்தைப் பார்த்தார். அடுத்த கையையும் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"பிள்ளை, இவளுக்குக் குளிருதோ?"

"இந்த வெக்கையிலையோ மாமி?"

அவர் நீட்டிக் காட்டின நகங்களும் நாவல் நிறமாக இருந்தன. "மாதாவே!" என்று நான் கத்தினது ஒழுங்கைமுனை ஓட்டோக்காரனுக்கே கேட்டிருக்கிறது. நான் கூப்பிட முதலே ஓட்டோ வந்து நின்றது.

ஆசுப்பத்திரியில் பிள்ளையை வாங்கி உள்ளே கொண்டு ஓடினார்கள். மூச்சுக்குக் காற்று வைத்தார்கள், ஊசி போட்டார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை, இதயத்தில் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டு ஒரு டொக்டர்பிள்ளை வெளியே வந்து எங்களிடம் கேள்வி கேட்டார். பால்மாவோ? ஓம். என்ன தண்ணி? கிணற்றுத் தண்ணி. பக்கத்தில் தோட்டமோ? ஓம். பசளை போடுகிறவையோ?

நான் மாமியைப் பார்த்தேன். அவர் சுடுதண்ணிப் போத்தலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைக்கு அங்கே பால் கரைக்க வேணுமே என்று ஓடுகிற ஓட்டத்திலும் மறக்காமல் எடுத்து வந்திருந்தார்.

"நல்லாக் கொதிக்க வைச்சனான் டொக்டர். பாதி வத்த விட்டனான்" என்றார் மாமி.

"கொதிக்கக் கிருமிதான் அம்மா சாகும். பசளை உப்புச் சாகாது. தண்ணி வத்த வத்த அது மிச்சத் தண்ணிக்குள்ளை கூடிக்கொண்டுதான் போகும். பச்சைப்பிள்ளையின்ரை ரத்தம் அதைத் தாங்காது. எங்கடை நிலம் சுண்ணாம்புக்கல்லு. மேலை போட்டதெல்லாம் கீழை இறங்கிப்போடும். அது வேலி பாத்து இறங்காது."

 பிள்ளையின் உதட்டுக்கு நிறம் திரும்பி, நாங்கள் வீட்டுக்கு வருமட்டும் அந்தப் போத்தலை மாமி கீழே வைக்கவில்லை; திறக்கவும் இல்லை.

எனக்கு மாமியைக் கொல்லலாம் போல இருந்தது. வேண்டுமென்று செய்திருந்தால் நாலு வார்த்தை கிழித்துவிட்டு ஆறியிருப்பேன். அன்பாலல்லவா செய்தார்? அன்பால் செய்தவளை என்னவென்று ஏசுவது? வந்த அன்றே என் மனிசனைக் கொண்டு வேலிப் பொட்டை அடைப்பித்தேன். மாமி தன் வளவுக்குள் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  பிள்ளைக்குக் கடையில் போத்தல் தண்ணீர் வாங்கினோம்.

சில நாள் கழித்து அங்கால் தகரத்தில் சுத்தியல் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். மாமி தன் தகர வேலியைப் பிடுங்கி, இந்தப் பக்கமாக நகர்த்தி, புதிதாக நட்டுக்கொண்டிருந்தார். கிணறும் வீட்டுப் பாத்தியும் இப்போது அந்தப் பக்கம் போய்விட்டன. இந்தப் பக்கம் வீடும் ஒரு கீலம் முற்றமும்தான் மிச்சம்.

என்னைக் கண்டதும் நிமிர்ந்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது.

"கிணத்தைச் சந்தைப் பக்கம் விட்டிட்டன் பிள்ளை. பாத்தியையும்தான். ஒரே தண்ணி குடிச்ச பயிரெல்லோ. நான் இவ்வளவு காலமும் என்னத்தைப் பிரிச்சனான்?"

"அப்ப தோட்டத்தை விடப்போறியளோ மாமி?"

"தோட்டத்தை விட்டா நான் ஆர்?" என்றார். பிறகு மெதுவாக, "தண்ணிக்குப் பவுசர்காரனுக்குச் சொல்லியிருக்கிறன். வெளியூர்த் தண்ணி. உன்ரை பிள்ளைக்கும் எனக்கும். மாட்டன் எண்டு சொல்லிப்போடாதை."

மாட்டேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். முடியவில்லை. போத்தல் தண்ணீரும் எங்களுக்குக் கட்டுப்படியாகாமல் இருந்தது. எங்கள் இரண்டு படலைகளுக்கும் நடுவில் ஒரு கறுப்புத் தண்ணீர்த் தாங்கி வந்து உட்கார்ந்தது. கிழமைக்கொரு தரம் பவுசர் லொறி வந்து அதை நிரப்பும். மாமி முதல் குவளையைத் தான் குடித்துப் பார்த்து, "தேன்" என்று சொல்லி, அடுத்ததை எனக்குப் பிடித்துத் தருவார். நாங்கள் திரும்பவும் கதைக்கத் தொடங்கினோம். தகரத்துக்கு அங்கால் வெங்காயம் பச்சைப் பசேலென்று நின்றது. காற்று எந்தப் பக்கம் என்று மட்டும் அவர் என்னைக் கேட்பதில்லை.

அப்படிப் பவுசர் வந்த ஒரு காலை. நான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, தாங்கித் தண்ணியில் கரைத்த பால் போத்தலோடு படலையில் நின்றேன். குழாயால் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மாமி தண்ணீரைப் பார்க்கவில்லை. பவுசரின் பின் சக்கரச் சில்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். சில்லு முழுக்கச் செம்மண். ஈரம் காயாத செம்மண். அதில் ஒரு வெங்காயத் தாள் ஒட்டிக்கிடந்தது.

"தம்பி, உந்தத் தண்ணி எங்கையான்?"

"அது ஒரு தோட்டக் கிணறு அம்மா. நல்ல தண்ணி. பாருங்கோவன், அடி தெரியும். ஒரு புழு பூச்சி இல்லை."

"தோட்டக்காரர் உங்களுக்கு ஆர்?"

"அப்பா. எங்கடை கிணறுதான்."

 மாமி, சண்டைக்கில்லாமல், கெஞ்சுகிற குரலில் கேட்டார்.

"வீட்டிலையும் உதைத்தானே மோனை குடிக்கிறியள்?"

அவன் குழாயைச் சுருட்டிக்கொண்டே சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. நல்ல பெடியன், எந்த நாளும் பிள்ளைக்குக் கை காட்டிவிட்டுப் போகிறவன்.

"இல்லையம்மா. வீட்டுக்கு வேறை எடுக்கிறனாங்கள்."

பவுசர் போய்விட்டது. மாமி திரும்பி வந்து, முதல் நாள் கோவாவைப் பறித்த மாதிரியே, என் கையிலிருந்த பால் போத்தலைப் பறித்தார்.

"குடுக்காதை பிள்ளை."

"அப்ப என்னத்தைக் குடுக்கிறது மாமி?"

அவர் தகரத்தைப் பார்த்தார், தாங்கியைப் பார்த்தார், எங்கள் உவர்க் கிணற்றுப் பக்கம் பார்த்தார்.  பிள்ளை போத்தலுக்குக் கையை நீட்டி வீரிட்டு அழுதாள்.